கல்யாண எழுத்தைச் செல்லாது என்று நீதிமன்றம் எப்போது சொல்லும்?

“மகளுக்கு எழுத்து மட்டும்தான் முடிந்தது அம்மா. தாலி கட்டவில்லை, ஒரு நாள்கூடச் சேர்ந்து இருக்கவில்லை. அந்தப் பதிவை வெட்டித் தர முடியாதா?”

விவாகப் பதிவாளராக இருந்த காலத்திலும், ஓய்வுபெற்றுக் களுவாஞ்சிகுடியில் வீட்டோடு இருக்கும் இந்தக் காலத்திலும் தாய்மார் என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான். மாப்பிள்ளை கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார். விசா அலுவலுக்கு விவாகச் சான்றிதழ் வேண்டும் என்று, லீவில் வந்த கையோடு எழுத்தை, அதாவது விவாகப் பதிவை, முடித்துவிட்டுப் போயிருப்பார். தாலிகட்டு அடுத்த வருடம் என்று இரு வீட்டாரும் பேசியிருப்பார்கள். அடுத்த வருடம் வருவதற்குள் அங்கிருந்து வரும் அழைப்பு குறைந்து, பிறகு நின்றே போயிருக்கும்.

பதிவை வெட்டப் பதிவாளரால் முடியாது. பிரதேச செயலாளராலும் முடியாது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எந்த அதிகாரியைப் பிடித்தாலும் முடியாது. அந்த அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. அங்கே போனால் நீதிபதி முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கையெழுத்து வைத்த அந்த நாளில், இந்த இருவரும் திருமணம் செய்வதற்குச் சட்டத்தில் தடை ஏதாவது இருந்ததா? இருந்ததென்றால் அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று தீர்ப்புக் கேட்கலாம். தடை ஒன்றும் இல்லாமல் நடந்து, பிற்பாடு கெட்டுப்போன திருமணத்துக்கு விவாகரத்து வழக்குத்தான் வழி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வழக்குப் போட்டு, பாதி வழியில் மாற்றி எழுதி, காசையும் பிள்ளையின் வயதையும் இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். வழக்கை எழுதுவது சட்டத்தரணியின் வேலை. அவரிடம் போகுமுன் வீட்டில் உட்கார்ந்து நீங்களே யோசித்துத் தேட வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

எந்தச் சட்டம்?

இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தமிழருக்கு, சைவரோ கத்தோலிக்கரோ மெதடிஸ்தரோ, 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பொருந்தும். யாழ்ப்பாணத்து உறவினர் தேசவழமையைச் சொல்லிக் குழப்புவார்கள். அது வடக்குக்கு உரிய வழமைச் சட்டம். முஸ்லிம்கள் இருவருக்கிடையிலான திருமணத்துக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும் இருக்கின்றன. காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றிலிருந்து இதை வாசிக்கும் முஸ்லிம் சகோதரிகள் காதியிடமோ அந்தச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். நான் இனிச் சொல்வது அவர்களுக்குப் பொருந்தாது.

எழுத்து என்றால் கல்யாணம்தான்

பதிவு நடக்கும்போது, சாட்சிகள் இருவர் முன்னிலையில், மணமக்களைப் பார்த்துப் பதிவாளர் சொல்ல வேண்டிய வாசகம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. வேறு எந்தச் சமயச் சடங்கும் நடக்காவிட்டாலும் நீங்கள் சட்டப்படி கணவன் மனைவி ஆகிவிட்டீர்கள், நீங்கள் இருவரும் உயிரோடு இருக்கும்வரை செல்லுபடியான விவாகரத்துத் தீர்ப்பினால் அன்றி இது கலையாது, அதற்கு முன் இன்னொரு திருமணம் செய்தால் குற்றம் என்பதே அதன் பொருள். நான் அதை ஒவ்வொரு எழுத்திலும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். படம் எடுக்கிறவரின் அவசரத்திலும் பலகாரத் தட்டின் சத்தத்திலும் அது யார் காதிலும் விழுவதில்லை.

ஆகவே, தாலி கட்டவில்லை, சேர்ந்து வாழவில்லை என்பது மட்டும் திருமணத்தைச் செல்லாததாக்காது. நான் தொடக்கத்தில் சொன்ன தாய்மாரில் பெரும்பாலானோரின் பிள்ளைகளுக்கு வழி விவாகரத்துத்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. கோயிலில் தாலி கட்டி ஊரறியக் குடும்பம் நடத்தியவர்கள், பதியவில்லை என்ற காரணத்தால் கணவன் மனைவி இல்லாமல் போவதில்லை. பதிவு, திருமணத்துக்கு மிகச் சிறந்த சான்று. பதியாத திருமணத்தையும் வழமைச் சடங்கையும் ஊராரின் சாட்சியத்தையும் கொண்டு நிரூபிக்கலாம். கொக்கட்டிச்சோலையிலோ மண்டூரிலோ கோயிலில் ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டிப் பிள்ளையும் பெற்ற ஒருவர், “அது எழுதாத கல்யாணம்தானே” என்று சொல்லிப் பட்டணத்தில் இன்னொரு பெண்ணோடு எழுத்து முடித்தால், இரண்டாவது பெண்ணின் சான்றிதழ்தான் ஆபத்தில் இருக்கிறது.

முந்திய திருமணம்

செல்லாது என்று தீர்ப்பு வாங்குவதற்கு மிக உறுதியான காரணம் இது. ஒருவருக்கு ஏற்கெனவே திருமணம் இருந்து, அது சட்டப்படி கலைக்கப்படாமலோ செல்லாது என்று பிரகடனப்படுத்தப்படாமலோ இருந்தால், அவர் செய்த அடுத்த திருமணம் செல்லாது என்று கட்டளைச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு சொல்கிறது. முதல் மனைவியோடு தொடர்பு விட்டுப் பல வருடம் என்பதும், கடிதம் எழுதிப் பிரிந்துவிட்டோம் என்பதும், ஊர்ப் பெரியவர்கள் முன் தீர்த்துக்கொண்டோம் என்பதும் கணக்கில் வராது. இப்படித் தெரிந்துகொண்டே மணம் முடித்தவருக்குத் தண்டனைச் சட்டக்கோவையின்படி ஏழு வருடம் வரை சிறையும் விதிக்கலாம்.

வெளிநாட்டு மாப்பிள்ளை விடயத்தில் நான் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்பது இதுதான். திருமண அறிவித்தல் படிவத்தில் அவருடைய விவாக நிலை என்ன என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் “மணமாகாதவர்” என்று எழுதியிருந்தால் அதை நம்பிவிட்டு இருக்காதீர்கள். அங்கே வதிவிட உரிமைக்காகச் செய்த திருமணமும் திருமணம்தான். ‘பேப்பருக்காகச் செய்தது’ என்று அவர் சொல்லுவார். முறையான விவாகரத்துத் தீர்ப்பின் பிரதி கையில் இல்லை என்றால் உங்கள் மகளின் எழுத்து செல்லாமல் போகலாம். எழுத்து முடிந்த பிறகுதான் விடயம் தெரிந்தது என்றால், அந்த நாட்டின் குடியியல் பதிவு அலுவலகத்திலிருந்து முந்திய திருமணத்தின் சான்றிதழை எடுக்க முயலுங்கள். அங்கே இருக்கும் உறவினர் ஒருவர் எழுதிக் கேட்டால் சில நாடுகளில் கிடைக்கும். சான்றிதழ் ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரால் தமிழாக்கம் செய்ய வேண்டும். நம் நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்பது நமக்கு இருக்கும் ஒரு வசதி. வழக்கில் எழுதியிருப்பதை ஒவ்வொரு வரியாக நீங்களே வாசித்துப் பார்க்கலாம். வாசிக்காமல் ஒப்பம் வைக்காதீர்கள்.

மதம் மாறினால் முதல் திருமணம் இருக்கவே இரண்டாவது செய்யலாம் என்று ஒரு கதை இன்னும் இருக்கிறது. 1965 ஆம் ஆண்டில், இலங்கையின் மேன்முறையீடுகள் இலண்டனில் பிரிவிக் கவுன்சிலுக்குப் போன காலத்தில், ரீட் வழக்கில் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது உண்மை. பின்னர் அபேசுந்தர வழக்கில் நம் உயர் நீதிமன்றமே அதை ஏற்காமல் விட்டது. பொதுச் சட்டத்தில் திருமணம் செய்த ஒருவர் மதம் மாறிக்கொண்டு, முதல் திருமணத்தைக் கலைக்காமல் இரண்டாவது செய்ய முடியாது. அந்தக் கதையை யாராவது சொன்னால், பாதிதான் தெரியும் என்று விட்டுவிடுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாரை இங்கே நினைக்காமல் போக முடியாது. வந்தாறுமூலை, வாகரை, திருக்கோவில் என்று எந்தப் பக்கம் போனாலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. அரசாங்கம் இரண்டு வகைப் பத்திரம் தருகிறது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மரணத்தைப் பதிந்து மரணச் சான்றிதழ் பெறலாம். மரணம் என்று ஒப்பம் வைக்க மனம் இடம் கொடாதவர்களுக்கென்று 2016 ஆம் ஆண்டின் திருத்தத்தோடு காணக்கிடைக்காமைச் சான்றிதழ் வந்தது. வங்கி, காணி, உதவிப்பண அலுவல்களுக்கு அது உதவும். அதை வைத்துக்கொண்டு மறுமணம் செய்யலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அது திருமணத்தைக் கலைக்கும் பத்திரம் இல்லை. ஏழு வருடம் தொடர்ந்து தகவலே இல்லை என்பது மறுமணம் செய்தவரை இருதார மணக் குற்றத்திலிருந்து காக்கலாம். அவர் உயிரோடு இருப்பது பின்னால் தெரிந்தால் அந்த மறுமணம் நிற்காது. மறுமணத்தை நினைக்கும் பெண் யாராக இருந்தாலும், தயவுசெய்து, முதலில் சட்டத்தரணியிடம் போங்கள். நீங்கள் பட்டது போதும்.

வயது

1995 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு, ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பெற்றோர் சம்மதித்தார்கள் என்பதால் 17 வயதுப் பிள்ளையின் திருமணம் செல்லுபடியாகாது. போர்க் காலத்தில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து பிள்ளைகளுக்கு அவசரமாகக் கட்டிவைத்த வீடுகள் இங்கே ஏராளம். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி எழுதும்போது வயது கூட்டிச் சொல்லப்பட்டிருந்தால், இன்று நடுவயதில் இருக்கும் அந்தப் பெண்களுக்கும் வழக்குத் தொடுக்கும் காரணம் இருக்கலாம். சான்று பிறப்புப் பதிவேட்டின் பிரதி. 2004 சுனாமியில் அது போய்விட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். போனது உங்கள் வீட்டிலிருந்த தாள். பதிவேட்டின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அதோடு பாடசாலையின் சேர்வு இடாப்பின் (பதிவேட்டின்) பிரதியையும், கிறிஸ்தவர் என்றால் ஞானஸ்நானப் பதிவையும் எடுத்து வையுங்கள்.

உறவுமுறை

இதில் நம் ஊர் வழமையும் சட்டமும் வேறு வேறு இடத்தில் கோடு போடுகின்றன. சட்டம் தடுப்பது பெற்றோர் வழி நேரடி உறவு, ஒரே தாயோ தகப்பனோ உள்ள சகோதரர், சகோதர சகோதரியின் பிள்ளைகளும் அவர்களின் வழி வந்தவர்களும், மனைவியின் முந்திய தாரத்துப் பிள்ளை, மகனின் அல்லது தகப்பனின் விதவை போன்றோரை. ஆகவே தாய்மாமன் அக்காவின் மகளை முடிப்பது இலங்கையில் செல்லாது. தமிழ்நாட்டில் அது வழக்கம் என்று சினிமா பார்த்துச் சொல்லிக்கொண்டு ஒரு குடும்பம் என்னிடம் வந்ததுண்டு. நான் அறிவித்தலை ஏற்கவில்லை. நம் குடி முறையிலும் அது பொருந்தாது. குடி என்ற குலப் பிரிவு தாய் வழியாக வருவதால் மாமனும் மருமகளும் ஒரே குடியாகிவிடுவார்கள்.

ஆனால் ஒரே குடிக்குள் நடந்த திருமணம் சட்டத்தில் செல்லுபடியானது. காலிங்கா குடிப் பையனும் காலிங்கா குடிப் பெண்ணும் விரும்பி எழுதிக்கொண்டு வந்து நின்றால், இரு வீட்டுப் பெரியவர்களும் அண்ணன் தங்கை முறை என்று கொதிப்பார்கள். அந்தக் கொதிப்பு எனக்கு விளங்கும், நானும் அந்த முறையில் வளர்ந்தவள்தான். அதை வைத்து எழுத்தை உடைக்க வழக்குப் போடாதீர்கள், தோற்பீர்கள். பெரியப்பா மகன், சித்தி மகள் என்பதும் அப்படியே. வழமை தடுக்கிறது, சட்டம் தடுக்கவில்லை. மச்சான் மச்சாள் திருமணம் இரண்டிலும் சரி.

சம்மதம்

திருமணத்துக்கு இருவரும் விளங்கி, விரும்பிச் சம்மதிக்க வேண்டும். அன்றைய நாளில் மனநோயாலோ வேறு காரணத்தாலோ தான் என்ன செய்கிறோம் என்று விளங்கும் நிலையில் இல்லாதவரின் ஒப்பம் சம்மதமாகாது. முன்பொரு காலத்தில் மனநலச் சிகிச்சை பெற்றார், அதை மறைத்தார்கள் என்பது வேறு விடயம். அது மட்டும் போதாது. நீதிமன்றம் கேட்பது அந்த நாளின் நிலையை. கிளினிக் புத்தகம், வைத்தியசாலையில் தங்கியிருந்த திகதிகள், மனநல வைத்தியரின் சாட்சியம் ஆகியவைதான் அதை நிரூபிக்கும்.

வற்புறுத்தலும் அப்படித்தான். தாய் அழுதாள், தகப்பன் சாப்பிடாமல் கிடந்தார் என்பது பொதுவாகப் போதாது. உயிருக்கோ உடலுக்கோ மானத்துக்கோ உண்மையான பயத்தை ஏற்படுத்தி ஒப்பம் வாங்கியிருக்க வேண்டும். அறையில் பூட்டி வைத்தது, அடித்தது, படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டியது போன்றவை இதில் வரும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, காயத்துக்கு மருந்து எடுத்த துண்டு, அந்த நாட்களில் சிநேகிதிக்கு அனுப்பிய செய்திகள் எல்லாம் சான்றாகும். தொலைபேசியை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். மிக முக்கியமானது காலம். பயம் நீங்கிய பிறகும் சேர்ந்து குடும்பம் நடத்தினால், பின்னர் சம்மதித்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளப்படும். தப்பிவந்த உடன் ஆலோசனை கேளுங்கள்.

பதிவாளராக நான் விடாமல் செய்த ஒன்று உண்டு. கையெழுத்துக்கு முன் பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “மகள், உனக்கு இது விருப்பமா?” என்று தனியாகக் கேட்பேன். கோபித்தவர்கள் பலர். இன்று பதிவாளராக இருக்கும் ஒவ்வொருவரும் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆள் மாறாட்டமும் சம்மதத்தில் அடங்கும். இன்னார் என்று நினைத்து வேறொருவரை மணந்தால் செல்லாது. அவருடைய குணம், வசதி, தொழில் பற்றிச் சொன்ன பொய் ஆள் மாறாட்டமாகாது. பொறியியலாளர் என்று சொன்னவர் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்வது, செவ்வாய் தோஷத்தை மறைத்தது, கடனை மறைத்தது, குடிப்பழக்கத்தை மறைத்தது எல்லாம் வயிறு எரியச் செய்யும் துரோகங்கள். ஆனாலும் அவற்றால் எழுத்து செல்லாததாகிவிடாது.

பதிவு முறையில் பிழை

இதைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம், வெல்கிறவர்கள் குறைவு. பெயரில் எழுத்துப்பிழை, முகவரி தவறு, அறிவித்தலில் சொன்ன வதிவு பொய் என்பவற்றால் திருமணம் விழாது. இருவருமே தெரிந்து, வேண்டுமென்றே பொய்ப் பெயரில், அல்லது அறிவித்தல் சான்றிதழோ அனுமதிப்பத்திரமோ இல்லாமல், அல்லது பதிவாளரோ மதகுருவோ இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தால் அது செல்லாததாகும்.

காரணம் இல்லை என்றால்

மேலே சொன்ன எதிலும் உங்கள் கதை பொருந்தவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். கட்டளைச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு விவாகரத்துக்கு மூன்று காரணங்களைத் தருகிறது: திருமணத்துக்குப் பின் பிறரோடு கூடாவொழுக்கம், தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மையின்மை அல்லது உடலுறவுக்கு இயலாமை. மூன்றாவது, கையெழுத்து நாளிலேயே இருந்த குறை என்றாலும் சட்டம் அதை விவாகரத்தில் வைத்திருக்கிறது. வைத்தியச் சான்று கட்டாயம் தேவைப்படும், அதைச் சொல்ல வெட்கப்பட்டு வேறு பொய்க் காரணம் எழுதாதீர்கள்.

எழுத்தோடு நின்றுபோன பிள்ளைகளுக்கு இரண்டாவது காரணம்தான் பெரும்பாலும் வழி. நியாயமில்லாமல் குடும்ப வாழ்வைத் தொடங்க மறுப்பதும், திரும்பி வர மறுப்பதும் கைவிடுதலாக வாதிடலாம். “எனக்கு வேண்டாம், வேறு பார்” என்று அவர் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி, ஸ்பொன்சர் விண்ணப்பத்தை அவர் திரும்பப் பெற்றதற்கான கடிதம், நீங்கள் வரத் தயார் என்று எழுதிய பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். இரு பக்கமும் சம்மதம் என்பதால் மட்டும் நீதிமன்றம் திருமணத்தைக் கலைக்காது. காரணம் நிரூபிக்கப்பட வேண்டும். சம்மதித்து எழுதிய வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு விடுதலை கிடைத்துவிட்டது என்று இருந்த இருவரை, பின்னர் அதே தாள் சிக்கலில் மாட்டியதை நான் பார்த்தேன்.

வழக்கு

செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் வழக்கை, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 607 ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுக்கிறவர் வசிக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். மாப்பிள்ளை வவுனியாவில் இருந்தாலும் கல்முனைப் பெண் கல்முனை நீதிமன்றத்துக்கும், மட்டக்களப்புப் பெண் மட்டக்களப்பு நீதிமன்றத்துக்கும் போகலாம். வசதி இல்லாதவர்களுக்கு, 1978 ஆம் ஆண்டு உருவான சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கின்றன. வருமானத்தைப் பார்த்து உதவி தருவார்கள். கிராம உத்தியோகத்தரிடம் வதிவு, வருமான உறுதிப்படுத்தலை வாங்கிக்கொண்டு போங்கள்.

முதல் சந்திப்புக்கு விவாகச் சான்றிதழின் அத்தாட்சிப்படுத்திய பிரதி, இருவரின் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தால் அவை, அடையாள அட்டை, மற்றவரின் இப்போதைய முகவரி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். முகவரியைத்தான் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். அழைப்பாணை போய்ச் சேர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்ப நீதிமன்றத்தின் அனுமதி, மொழிபெயர்ப்பு, மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் உண்டு. அவர் வராவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாக விசாரணைக்கு வரும். அப்போதும் நீங்கள் சாட்சிக்கூண்டில் ஏறி, காரணத்தை ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். நடந்த நாட்களின் வரிசையை, யார் யார் கூட இருந்தார்கள் என்பதோடு, இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடி, மிரட்டல் இருந்தால் இதற்குக் காத்திராமல், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள்.

பிள்ளை இருந்தால், திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு பிள்ளையின் சாப்பாட்டைப் பறிக்காது. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் திருமணத்தில் பிறந்த பிள்ளை, வெளியே பிறந்த பிள்ளை என்று பார்ப்பதில்லை. ஒருவராவது நல்லெண்ணத்தோடு, தடை தெரியாமல் மணம் செய்திருந்தால், நம் நாட்டில் நிற்கும் உரோம டச்சுச் சட்டம் அந்தப் பிள்ளைகளைச் சட்டப்படியான பிள்ளைகளாகவே காண்கிறது. அதை வழக்குரையில் தெளிவாகக் கேட்கச் சொல்லுங்கள். பெண்ணின் நிலை வேறு. மனைவி என்ற உரிமையில் பின்னாளில் பராமரிப்புக் கேட்பதற்கு, செல்லாத திருமணத்தில் இடமில்லை. விவாகரத்தா, செல்லாது என்ற தீர்ப்பா என்று தெரிவு செய்யக்கூடிய நிலையில் இருந்தால் இதையும் சட்டத்தரணியோடு பேசி எடை போடுங்கள். ‘விவாகரத்துக்காரி’ என்ற பெயர் வேண்டாம் என்பதற்காக மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

சீதன வீடு பற்றி. இங்கே தாய் மகளுக்கு வீடு கொடுப்பது வழமை. வீட்டின் உறுதிப் பத்திரம் மகளின் பெயரில் இருந்தால் அது மகளுடையது. எழுத்தின் மகிழ்ச்சியில் மருமகனின் பெயரையும் உறுதியில் சேர்த்திருந்தால், தீர்ப்பு வந்ததால் மட்டும் அந்தப் பெயர் போய்விடாது. உறுதியை முதல் நாளே சட்டத்தரணியிடம் காட்டுங்கள், நிவாரணத்தை எந்த வழக்கில் கேட்பது என்று அவர் பார்க்கட்டும். கொடுத்த காசுக்கு வங்கிச் சீட்டு இருந்தால் எடுத்து வையுங்கள். கையில் எண்ணிக் கொடுத்த காசை நிரூபிப்பது மிகக் கடினம்.

கத்தோலிக்கருக்கு இன்னொரு அலுவலும் உண்டு. மறைமாவட்ட நீதிமன்றம் திருமணம் செல்லாது என்று சொன்னாலும், அரசாங்கப் பதிவில் நீங்கள் கணவன் மனைவிதான். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஆலயத்தில் மறுமணம் கேட்கவும் முடியாது. திருச்சபையின் காரணங்கள் வேறு. கடுமையான ஏமாற்று, திருமணக் கடமைகளை ஏற்க முடியாத உளநிலை போன்றவற்றையும் அது பார்க்கிறது. 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் செய்த மாற்றத்துக்குப் பிறகு, இரண்டாவது நீதிமன்றத்தின் உறுதிப்படுத்தல் கட்டாயம் என்ற பழைய நிபந்தனை இல்லை. பங்குத்தந்தையிடம் தொடங்குங்கள். மட்டக்களப்பு 2012 இலிருந்து தனி மறைமாவட்டம்.

தீர்ப்புக் கிடைத்ததும் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளைக் கூடுதலாகவே எடுங்கள். வெளிநாட்டு ஸ்பொன்சர் விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அந்த அலுவலகத்துக்கு ஒன்று அனுப்ப வேண்டும். அடுத்த முறை திருமண அறிவித்தல் கொடுக்கும்போது பதிவாளர் கேட்பதும் அந்தப் பிரதியைத்தான். முந்திய எழுத்து செல்லாதது என்று உங்களுக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும், நீதிமன்றம் அப்படிப் பிரகடனப்படுத்தும் முன் அடுத்த அறிவித்தலில் ஒப்பம் வைக்காதீர்கள்.